ஒழுகாத கூரை

குற்றாலத்துச் சாரலைப் பற்றி யாராவது குறை சொன்னால் தென்காசிக்காரர்களுக்குக் கோபம் வந்துவிடும். வர வேண்டியதுதான். ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்றுக் கிளம்பி வருகிறது. மலையுச்சியில் மேகம் கவிகிறது. மாவு சலித்தாற்போல் தூற்றல் விழுகிறது. நடுநடுவே இளவெயிலும் அடிக்கிறது. பேரருவியில் தலையைக் கொடுத்து நின்றால், உலகத்துக் கவலையெல்லாம் சிற்றாற்றோடு போய்விடுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரிலிருந்து ரசிகமணி டி.கே.சி. வரையில் அந்தச் சாரலைக் கொண்டாடாத ரசிகர் இல்லை.

ஆனால், அதே சாரலைக் கொஞ்சங்கூடக் கொண்டாடாத ஜனங்களும் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். ரசனை இல்லாதவர்கள் என்று அவர்களை நினைத்துவிடாதீர்கள். அவர்கள் தலைக்கு மேலே இருப்பது பனையோலை. அந்த ஓலைக்கு வயது மூன்று. அவ்வளவுதான் விஷயம். இடிமழை என்றால் ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். சாரல் அப்படி அல்லவே! நாள் கணக்கில், வாரக் கணக்கில் பொசுபொசுவென்று பெய்துகொண்டே இருக்கும். ஓலை ஊறி, மூங்கில் ஊறி, மண்சுவர் ஊறி, கடைசியில் அடுப்பு மேட்டில் வைத்த தீப்பெட்டியும் ஊறிப் போகும்.

"சாரலை ரசிக்கணும்னா முதல்லே தலைக்கு மேலே ஒழுகாத கூரை ஒண்ணு வேணும்வே" என்பார் என் சிநேகிதர் ஒருவர். சொன்னதோடு நிற்காமல், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அந்தக் கூரைக்காகவே உழைத்தவர். சென்ற சித்திரையில் அவர் காலமானார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கல்லில் பெயர் பொறிப்பது அவருக்கு அறவே பிடிக்காத காரியம். காகிதத்தில் பொறித்தால் மட்டும் பிடித்திருக்குமா?

கட்டட ஓவர்சியராக முப்பது வருஷம் இருந்தவர். பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும், அவர் வயதுக்காரர்கள் செய்கிற மாதிரி கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து அரசியல் பேசியிருக்கலாம். தென்காசிக் கோபுர வாசலில் பொதிகைக் காற்று எந்நேரமும் சிலுசிலுவென்று வீசுகிறது. பேச்சுக்கு அதைவிட வசதியான இடம் தமிழ்நாட்டில் கிடையாது. அவரோ ஒரு சாக்குப் பையில் ரசமட்டம், தூக்குக்குண்டு, கரணை, நூல்கயிறு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்பிவிடுவார். உடன் போகிறவர்கள் இரண்டு கொத்தனார்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர். சங்கமோ ரசீதுப் புஸ்தகமோ இல்லை. ஒருவருக்கும் கூலியும் கிடையாது. வேலை நடக்கிற வீட்டில் மத்தியானம் கஞ்சியோ சோறோ கிடைக்கும். அது மட்டும் கட்டாயம்.

"கஞ்சி கூட வாங்காமல் வேலை செய்தால் இன்னும் புண்ணியம் ஆயிற்றே?" என்று ஒரு தடவை நான் கேட்டேன்.

"சாப்பிடாமல் வந்தால் அது தர்மம் ஆயிரும்வே. சாப்பிட்டால்தான் சொந்தக்காரன்" என்றார்.

அவர் செய்த வேலை என்ன என்பதைச் சொல்லுவதற்கு முன்னால், ஏழைகளின் வீடு எங்கே நின்று போகிறது என்பதைச் சொல்ல வேண்டும். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று பழமொழி சொல்லுகிறோம். கையில் பணம் உள்ளவனுக்கு அது எச்சரிக்கை. ஏழைக்கோ, பாதி கட்டிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது என்று அதற்கு அர்த்தம்.

சர்க்கார் வீடு கட்டிக்கொள்ளப் பணம் கொடுக்காமல் இல்லை. மத்திய சர்க்காரின் இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985-ல் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'கலைஞரின் கனவு இல்லம்' அறிவிக்கப்பட்டது: 2030-க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய். அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. நல்ல காரியந்தான், சந்தேகமே இல்லை.

நான்கூட என் சிநேகிதரிடம் அதைத்தான் சொன்னேன். "சர்க்கார் லட்சக் கணக்கில் வீடு கட்டப் போகிறது. நீர் வாரத்துக்கு நாலு முழம் சுவர் எழுப்பி என்ன ஆகப் போகிறது, ஓய்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த குச்சியால் மண்ணில் ஒரு வீடு வரைந்து, அதில் நாலு கோடு கிழித்தார்.

"இந்த மாதிரித் திட்டத்திலே பணம் மொத்தமாக வராது, படிப்படியாகத்தான் வரும். அஸ்திவாரம் முடிஞ்சதா, ஒரு தவணை. சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்ததா, இன்னொரு தவணை. கூரை போட்டால் ஒண்ணு. பூச்சு வேலை முடிச்சால் ஒண்ணு. அப்படி வைக்காவிட்டால் பணம் வேறே செலவிலே போயிரும்; அதனாலே அது நியாயந்தான். ஆனால், முதல் கோட்டை எட்டினால்தானே முதல் பணம்? எட்டுகிறதுக்குக் கையிலே முன்பணம் வேணுமே! பீடி சுத்துகிறவளிடம், கூலிக்கு நாற்று நடுகிறவளிடம் அது எங்கே இருக்கு? வட்டிக்கு வாங்குவாள். இரண்டாவது கோட்டுக்கு வரும்போது வட்டி கழுத்தைப் பிடிக்கும். வீடு அங்கேயே நின்னுரும். சர்க்கார் பணம் இருக்கு, வீட்டுக்காரியும் இருக்கா. நடுவிலே ஒரு முழ உயரத்துக்குப் பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தூர்க்கிறதுதான் நம்ம வேலை."

அவர் கட்டியது முழு வீடு அல்ல. இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளம். லிண்டல் மட்டத்தில் நின்று, கம்பி துருப்பிடித்து, சுவர் மேல் ஆட்டுக்குட்டி ஏறி நிற்கிற வீட்டைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. வானம் தோண்டக் கூலி இல்லையா? ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி தோண்டிக் கொடுக்கும். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை இல்லையா? அதற்கென்றே கொஞ்சம் தகடும் முட்டும் சேர்த்து வைத்திருந்தார். வீட்டுக்கு வீடு அவை இரவல் போகும். பட்டா இல்லையா? தாலுகா ஆபீசுக்குக் கூடவே போய், மனு எழுதிக் கொடுத்து, அழைக்கிற வரையில் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார். அதுவும் கட்டட வேலைதான் என்பது அவர் அபிப்பிராயம்.

சிக்கன வித்தையை அவர் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரையில் திருவிதாங்கூர்ப் பக்கத்தைச் சேர்ந்ததல்லவா? தென்காசிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் அன்னிய ஊர் அல்ல. அங்கே லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் பார்ப்பதற்கென்றே பஸ் ஏறிப் போனார்.

பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்காமில் பிறந்தவர். யுத்த காலத்தில் சீனாவில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்திஜியைச் சந்தித்தார். வீடு கட்டத் தேவையான பொருள்கள் அந்த இடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்று காந்திஜி கூறிய யோசனையை ஆயுள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தியாவுக்கே வந்துவிட்டார், மலையாளத்து டாக்டர் அம்மாள் ஒருவரை மணந்தார், இமயமலைப் பக்கத்தில் பிதோரகட்டில் பல வருஷங்கள் இருந்தார். 1970-ல் திருவனந்தபுரத்தில் குடியேறி, மீனவர்களுக்கும் சேரிவாசிகளுக்கும் குறைந்த செலவில் வீடு கட்டினார். 1985-ல் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனன் முதலியோருடன் சேர்ந்து 'காஸ்ட்ஃபோர்டு' என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி, தொண்ணூறாவது வயதில் மறைந்தார். அவர் சேர்ந்திருந்த கிறிஸ்தவ சபையின் பெயர் என்ன தெரியுமா? 'சிநேகிதர்கள் சங்கம்'!

உள்ளூரில் பேக்கர் கட்டிய ஆராய்ச்சி நிலையத்தின் சுவர்களை என் சிநேகிதர் விரலால் தட்டித் தட்டிப் பார்த்தாராம். திரும்பி வந்ததும் கொத்தனார்களைக் கூப்பிட்டு, செங்கலைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திக் கட்டச் சொன்னார். உள்ளே ஒரு வரிசை, வெளியே ஒரு வரிசை, நடுவே வெற்றிடம், இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒரு கல். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலந்தான். செங்கலோ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். உள்ளே காற்று அடைபட்டிருப்பதால் வெயில் காலத்தில் வீடும் குளிர்ச்சியாக இருக்கும்.

"எலிப்பொறியா? எலி உள்ளே போய்க் குடித்தனம் பண்ணப் போவுது, ஐயா" என்று மூத்த கொத்தனார் சிரித்தார். முதல் சுவர் எழும்பி, மிச்சமான கல்லை எண்ணிப் பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை. மூலைகளையும் கதவு நிலை ஓரங்களையும் மட்டும் வெற்றிடம் விடாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும் என்று இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் அவர்தான்.

கூரை விஷயத்திலும் ஒரு யுக்தி உண்டு. கான்கிரீட் கூரையின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. அங்கே இழுவையைத் தாங்குவது கம்பிதான். ஆகவே கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓட்டைப் பதித்துவிட்டால் கான்கிரீட் மிச்சம். கூரைப் பாரமும் குறைவு. செங்கோட்டைப் பக்கத்தில் பழைய வீடு எங்கே பிரிக்கிறார்கள் என்று அவர் விசாரித்துக்கொண்டே இருப்பார், ஓடு வாங்குவதற்காகத்தான்.

பேக்கர் சொன்னார் என்பதற்காக எல்லாவற்றையும் அப்படியே செய்கிறவரும் அல்ல. சுவருக்குப் பூச்சே வேண்டாம் என்பது பேக்கரின் கட்சி. "மற்ற மூணு சுவருக்கும் சரி. மேலைச் சுவரைப் பூசித்தான் ஆகணும். நம்ம சாரல் அந்தப் பக்கத்திலேருந்துல்லா அடிக்கும்!" என்பார் இவர்.

வீட்டுக்காரர்களும் கூட வேலை செய்ய வேண்டும் என்பது இன்னொரு சட்டம். உலகத்தில் பல இடங்களில் இந்த வழக்கம் இருக்கிறது. 1976-ல் அமெரிக்காவில் மில்லார்டு ஃபுல்லர் தம்பதிகள் ஆரம்பித்த 'ஹேபிடாட்' என்ற அமைப்பில், வீடு பெறுகிற குடும்பம் இத்தனை மணி நேரம் என்று வியர்வை சிந்தியே ஆக வேண்டும். ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கிய ஜிம்மி கார்ட்டர் 1984 முதல் வருஷந்தோறும் ஒரு வாரம் மனைவியுடன் சுத்தியல் பிடித்தது இந்த அமைப்பில்தான். 2006-ல் நம் நாட்டுக்கும் வந்து, மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே வீடு கட்டிவிட்டுப் போனார். 2024 டிசம்பரில் நூறாவது வயதில் அவர் காலமான செய்தி வந்தபோது, "நம்ம சித்தாள் ஒருத்தர் போயிட்டாரு" என்றார் என் சிநேகிதர்.

வேலை செய்கிறவருக்குத்தான் வாய் திறக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை முழுக்க உபயோகித்துக்கொண்ட ஓர் ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்த கிழவி, வாசல் பக்கத்துக்கு வந்ததும் சும்மாட்டை இறக்கி வைத்துவிட்டு, "திண்ணை எங்கே?" என்று கேட்டாள்.

"திட்டத்திலே அதுக்கு இடம் இல்லை, ஆச்சி. முந்நூத்தறுபது சதுர அடிதான்" என்றார் சிநேகிதர்.

"இருக்கட்டும், ஐயா. வீட்டுக்கு வாரவன் எல்லாம் அடுப்படி வரைக்குமா வருவான்? கடன்காரன் வந்தாக்கூட உட்காரவெச்சுத்தானே ரெண்டு வார்த்தை தன்மையாச் சொல்ல முடியும்?"

சிநேகிதர் கொஞ்ச நேரம் யோசித்தார். உடைந்த கல்லையும் மிச்ச மண்ணையும் போட்டு, கூரையின் நீட்சிக்கு அடியில் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு திண்ணை கட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் அவர் கை வைத்த எந்த வீடும் திண்ணை இல்லாமல் முடிந்ததில்லை.

அவர் பேச்சில் அடிக்கடி வருகிற பெயர்கள் இன்னும் இரண்டு. சங்கரலிங்கம் ஜகந்நாதன், கிருஷ்ணம்மாள் ஜகந்நாதன் தம்பதிகள். ஜகந்நாதன் காந்திஜியின் அழைப்பைக் கேட்டு மதுரை அமெரிக்கன் கல்லூரியை விட்டு வெளியேறியவர். வினோபாஜியின் பூதான இயக்கத்துக்காகத் தமிழ்நாடு முழுவதும் நடந்தவர். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி இரவு, பழைய தஞ்சை ஜில்லாவில் கீழ்வெண்மணிக் கிராமத்தில் நடந்ததை மறக்க முடியாது. கூலித் தகராறில், ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் அந்தக் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தியைக் கேட்டுத் தம்பதிகள் இருவரும் அந்தப் பிரதேசத்துக்கே போய், அங்கேயே தங்கி உழைத்தார்கள். 1981-ல் உழுபவர்களுக்கு நில உரிமை தேடித் தர 'லாஃப்டி' என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். மிராசுதாரர்களிடம் பேசி விலைக்கு வாங்கிய நிலத்தைக் கூலிக் குடும்பங்களுக்கு, அதுவும் பெண்கள் பெயரில் எழுதி வைத்தார்கள். பிறகு, மண் குடிசைகளின் இடத்தில் செங்கல் வீடுகள் எழுப்பும் வேலையிலும் கிருஷ்ணம்மாள் இறங்கினார். 2008-ல் இருவருக்கும் 'மாற்று நோபல்' என்று சொல்லப்படுகிற பரிசு கிடைத்தது. ஜகந்நாதன் 2013 பிப்ரவரி 12-ஆம் தேதி மறைந்தார்.

"ஒரு தீக்குச்சிக்குப் பயப்படாமல் ஒரு குடும்பம் தூங்கணும். வீடுன்னா அதுதான். ஓலைக்குக் கீழே படுத்திருக்கிறவன் யாருக்கும் எதிரா வாய் திறக்க முடியுமா?" என்று என் சிநேகிதர் கேட்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிடும். பட்டாவை வீட்டுக்காரியின் பெயரில் வாங்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததும் இந்தத் தம்பதிகளைப் பார்த்துத்தான்.

வேலை முடிந்த வீட்டில் அவர் ஒரு காரியம் செய்வார். கரணை ஒன்றையும் கொஞ்சம் சிமெண்டையும் வீட்டுக்காரியின் கையில் கொடுத்து, மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் வெடிப்புப் பார்க்க வேண்டும், தண்ணீர் போகிற துவாரத்தில் சருகு அடையாமல் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு ஒரு கும்பிடும் போடுவார். "எங்களுக்கல்லவா ஐயா உங்களைக் கும்பிடணும்?" என்று அவர்கள் பதறிப் போவார்கள்.

இந்தக் கும்பிடு எங்கே கற்றது என்று கேட்டேன். தென்காசிக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். பராக்கிரம பாண்டியர் 1446-ல் ஆரம்பித்த கோயில் அது. ராஜகோபுரத்தையும் தொடங்கினார், அதை முடித்தவர்கள் அவருக்குப் பின்னால் வந்தவர்கள். கல்வெட்டில் அந்த ராஜா என்ன சொல்லியிருக்கிறார் என்று எண்ணுகிறீர்கள்? 'நான் கட்டினேன்' என்று மார்தட்டிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது குறை வந்தால் அதைச் சரிப்படுத்திக் காப்பாற்றப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், உலகமறிய அவர்களைப் பணிகிறேன் என்கிறார். அவர் நினைத்தபடியே குறையும் வந்தது. கோபுரம் சிதைந்து, பிளந்து, பல தலைமுறைகள் மொட்டையாக நின்றது. ஒன்பது நிலையோடு மறுபடி எழும்பி 1990-ல் கும்பாபிஷேகம் கண்டது. முடிசூடிய ராஜா, இன்னும் பிறக்காத கொத்தனாரை முன்கூட்டியே கும்பிட்டு வைத்திருக்கிறார்!

"கட்டுகிறது ஒரு வருஷத்து வேலை. காப்பாத்துகிறது காலம் முழுக்க. அப்போ யார்வே பெரியவன்?" என்றார் என் சிநேகிதர்.

அவர் போன பிறகு, ஊரில் அவர் மேல் மதிப்பு வைத்திருந்தவர்கள் கூடிப் பேசினார்கள். மண்டபம் எடுத்துப் படத் திறப்பு விழா நடத்த வேண்டும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும், ஒரு கல்லும் நட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. செலவுக் கணக்கை எடுத்துக்கொண்டு அவர் மனைவியிடம் போனார்கள். அந்த அம்மாள் கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "இந்தப் பணத்துக்கு இருபது மூட்டை சிமெண்டு வரும்லா?" என்று கேட்டார். அவர் கடைசியாகக் கை வைத்த வீடு ஒன்று லிண்டல் மட்டத்தில் நின்றுகொண்டிருந்தது.

மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோஷ்டி சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது. மூத்த கொத்தனார்தான் இப்போது அதற்குத் தலைவர். சுவரை முடித்து, முட்டுக் கொடுத்து, ஓடு பதித்து, வைகாசிக் கடைசியில் ஒரே நாளில் கூரை போட்டார்கள். ஆனிச் சாரல் வந்தபோது அந்த வீட்டில் ஒரு சொட்டும் விழவில்லை.

இதை வாசிக்கிற நேயர்கள் ஊரிலும், தெருக்கோடியில் ஒரு சுவர் பாதியில் நிற்கக்கூடும். அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது, நின்று, வீட்டுக்காரியிடம் விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவளுக்கு வேண்டியது ஒரு வீடு அல்ல. அடுத்த கோட்டுக்கு ஒரு முழம்.

இருபது மூட்டை சிமெண்டு அந்தக் கூரைக்குப் போதவில்லை. மூன்று மூட்டை கடனாக வாங்கினார்கள். அந்தக் கடனை யார் தீர்த்தார்கள் என்று எழுதலாம். ஆனால் அதுவும் கல்லில் பெயர் பொறிக்கிற சமாசாரம் ஆகிவிடும்.